பொன்விகிதம்: இருக்கும் இடமும் இல்லாத இடமும்

1.618 என்ற எண்ணைப் பற்றி அண்மைக் காலமாக நம் பிள்ளைகளின் கைபேசிகளில் காணொளிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சூரியகாந்திப் பூவிலும் சங்கிலும் பிரமிட்டிலும் மனித உடம்பிலும் இந்த ஒரே எண் இருக்கிறதாம். அது இறைவனின் கையொப்பமாம். கடைசியில், புனித மக்கா நகரம் பூமியின் 'பொன்விகிதப் புள்ளி'யில் அமைந்திருக்கிறது என்று முடிப்பார்கள். பார்த்தவர்கள் சுப்ஹானல்லாஹ் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒருசில பிள்ளைகள் மட்டும், "சேர், இது சரிதானா?" என்று கேட்கிறார்கள்.

நான் கணித ஆசிரியன் அல்லன். தமிழ் படித்துத் தமிழ் படிப்பிப்பவன். ஆனால் இந்த எண்ணின் கதையில் மிக நல்ல பகுதி ஒன்று யாப்பிலக்கணத்திலேதான் கிடக்கிறது. இன்னொரு பகுதி நம் வீட்டு வாசலுக்கு அப்பால் தேயிலை மலையில் இருக்கிறது. வேறொரு பகுதி முஸ்லிம் அறிஞர்களின் கைவழியாக உலகத்துக்குப் போனது. இவை எல்லாம் மெய். காணொளிகளில் வருவதில் பாதி மெய்யல்ல. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விகிதம் என்பது யாது?

ஒரு மீற்றர் நீளமான நூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டாக வெட்ட வேண்டும். எப்படி? முழு நூலுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதம், பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 61.8 சென்ரிமீற்றரில் வெட்டினால் இது கிட்டத்தட்டச் சரியாக வரும். 100ஐ 61.8ஆல் வகுத்தால் 1.618. 61.8ஐ 38.2ஆல் வகுத்தாலும் 1.618. சரியான பெறுமானம் வேண்டுமென்றால், 5இன் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 1.6180339... என்று முடிவில்லாமல் போகும். எந்தப் பின்னமாகவும் இதை எழுதி முடிக்க இயலாது.

கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட் தம் நூலில் இந்த வெட்டை விளக்கியிருக்கிறார். ஆனால் அவர் அதற்குப் 'பொன்' என்று பெயர் வைக்கவில்லை. 1509இல் லூக்கா பசியோலி என்ற இத்தாலியத் துறவி தம் நூலில் 'தெய்வீக விகிதம்' என்றார். 'பொன் வெட்டு' என்ற பெயர் 1835இல் மார்ட்டின் ஓம் என்ற ஜெர்மானியரின் கணித நூலில் வருகிறது. ஆகவே, 'பண்டைய மக்கள் எல்லாரும் பொன்விகிதத்தை வழிபட்டார்கள்' என்று யாராவது சொன்னால், பெயருக்கே இருநூறு வயது ஆகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழையவர்களைக் கவர்ந்தது ஐங்கோணம். ஒழுங்கான ஐங்கோணம் ஒன்றை வரைந்து அதன் மூலைவிட்டங்களைப் போட்டால் ஐந்துமுனை நட்சத்திரம் வரும். மூலைவிட்டத்தைப் பக்கத்தால் வகுத்தால் 1.618. அந்த நட்சத்திரத்தின் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களிலும் அதே விகிதம்தான். இது தற்செயல் இல்லை, தேற்றம். பித்தகோரசின் வழிவந்தவர்கள் ஐந்துமுனை நட்சத்திரத்தைத் தங்கள் அடையாளமாகக் கொண்டிருந்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன.

குறிலும் நெடிலும்

இனி யாப்புக்கு வருவோம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. தொல்காப்பியம் முதல் நாம் படிப்பிக்கும் கணக்கு இது. பக்கீர்மார் றபான் அடித்து பைத் பாடும்போது குறுந்தட்டு ஒன்று, நீண்ட தட்டு ஒன்று என்று வருமல்லவா, அதையே வைத்துக்கொள்வோம். 'த' என்றால் ஒரு மாத்திரை, 'தா' என்றால் இரண்டு.

நான்கு மாத்திரை அளவுள்ள இடத்தை எத்தனை விதமாக நிரப்பலாம்? த த த த. த த தா. த தா த. தா த த. தா தா. ஐந்து விதம். மூன்று மாத்திரைக்கு மூன்று விதம், இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று. ஐந்து மாத்திரைக்கு? எழுதிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். கடைசித் தட்டு 'த' என்றால் அதற்கு முன்னால் நான்கு மாத்திரை இருக்கும், அது ஐந்து விதம். கடைசித் தட்டு 'தா' என்றால் முன்னால் மூன்று மாத்திரை, அது மூன்று விதம். ஆக எட்டு. இப்படியே முந்திய இரண்டையும் கூட்டிக்கொண்டு போனால் 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று வரிசை நீளும்.

இந்த வரிசையில் ஓர் எண்ணை அதற்கு முந்திய எண்ணால் வகுத்துப் பாருங்கள். 8ஐ 5ஆல் வகுத்தால் 1.6. 13ஐ 8ஆல் வகுத்தால் 1.625. 34ஐ 21ஆல் வகுத்தால் 1.619. 55ஐ 34ஆல் வகுத்தால் 1.6176. ஒருமுறை கூடி, ஒருமுறை குறைந்து, பொன்விகிதத்தை நெருங்கிக்கொண்டே போகும்.

உலகம் இதைப் 'பிபனாச்சி எண்கள்' என்கிறது. பிபனாச்சிக்கு முன்னரே இந்திய யாப்பு நூலார் இதைக் கண்டிருந்தனர். விரஹாங்கர், கோபாலர் ஆகியோருக்குப் பின், குஜராத்தின் சமண அறிஞர் ஹேமசந்திரர் கி.பி. 1150 அளவில் இந்த விதியைத் தெளிவாக எழுதினார். அவர்கள் எண்ணியது முயலையோ பூவிதழையோ அல்ல, லகு, குரு என்ற அசைகளை.

நம் தமிழ் யாப்பில் இதே எண்கள் வருமா? இங்கே கவனமாக இருக்க வேண்டும். நேர், நிரை என்று இரண்டு அசை. ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு. இது இரட்டித்துக்கொண்டு போகும் வரிசை, பிபனாச்சி வரிசை அல்ல. காரணம் எளிது. சீர் வாய்பாட்டில் அசைகளின் தொகையை எண்ணுகிறோம். மாத்திரைத் தொகையை நிலையாக வைத்து எண்ணுவதில்லை. மாத்திரையை அளந்து பாடும் சந்தப் பாட்டுக்கும் வண்ணத்துக்கும் வந்தால்தான் அந்த வரிசை தலைகாட்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடிய காயல்பட்டினம் காசிம் புலவரின் வழி அத்தகைய வழிதான். எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே எண் வருகிறது. இந்த ஒரு பாடம் பின்னாலும் நமக்கு உதவும்.

பிஜாயாத் துறைமுகத்திலிருந்து

பிபனாச்சி என்ற லியனார்டோ இத்தாலியின் பைசா நகரத்தவர். தந்தையார் வட ஆபிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவின் பிஜாயாத் துறைமுகத்தில், பைசா வணிகர்களின் அலுவல்களைப் பார்த்தவர். மகனையும் அங்கே அழைப்பித்தார். முஸ்லிம் நகரமான அங்கேதான் இளைஞர் லியனார்டோ ஒன்பது இந்திய இலக்கங்களையும் சுழியத்தையும் கற்றார். 'ஸிபர்' என்ற அரபுச் சொல்லையே இலத்தீன் ஓசையில் தம் நூலில் எழுதிவைத்தார். 1202இல் வந்த அந்த நூலில் ஒரு சோடி முயல் ஓராண்டில் எத்தனை சோடியாகும் என்ற கணக்கு வருகிறது. விடை 377. அதுவும் நாம் மேலே கண்ட வரிசையின் எண்தான்.

யூக்ளிடின் நூலை ஹாரூன் ரஷீத் காலத்திலும் மஃமூன் காலத்திலும் அரபுக்குக் கொண்டுவந்தவர் அல்-ஹஜ்ஜாஜ் இப்னு மதர். எகிப்தின் அபூகாமில், ஏறத்தாழ கி.பி. 850 முதல் 930 வரை வாழ்ந்தவர், ஐங்கோணம் பற்றியும் பத்துக்கோணம் பற்றியும் தனி நூல் எழுதினார். அல்-குவாரிஸ்மி தொடக்கிவைத்த அல்ஜிப்ராவைக் கேத்திர கணிதத்தில் பயன்படுத்தி அவர் கண்ட விடைகளைப் பிபனாச்சி எடுத்தாண்டார்.

இந்திய யாப்பும் அரபு அறிவும் ஒரே மேசையில் இருந்த நேரமும் உண்டு. அல்-பிரூனி கி.பி. 1030 அளவில் எழுதிய இந்தியா பற்றிய நூலில் சமஸ்கிருத யாப்புக்கும் இடம் கொடுத்தார். லகு, குரு என்பவற்றை விளக்கி, பஸ்ராவின் கலீல் இப்னு அஹ்மது வகுத்த அரபு யாப்போடு ஒப்பிட்டார். மேற்சொன்ன எண்வரிசையை அவர் சொன்னார் என்று நான் கூற வரவில்லை. இன்னொரு சமூகத்தாரின் பாட்டைக்கூட அளந்து பார்க்கும் அக்கறை அவருக்கு இருந்தது என்பதையே சொல்கிறேன்.

தேயிலைக் கிளையில்

இனி நம் மலைக்கு வருவோம். கவ்வாத்து வெட்டிய பிறகு தேயிலைச் செடி நீளமான கிளைகளை விடும். அதில் ஒன்றை எடுத்து, அடியிலுள்ள இலை ஒன்றில் நூலைக் கட்டி, அடுத்தடுத்த இலைக் காம்புகளைத் தொட்டபடி மேலே சுற்றிக்கொண்டு போங்கள். இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்வரிசையில் வராமல் விலகி விலகி ஏறும். முதல் இலைக்கு நேர்மேலே வரும் இலையை அடையும்போது நூல் எத்தனை சுற்றுச் சுற்றியது, எத்தனை இலை கடந்தது என்று எண்ணுங்கள். இரண்டு சுற்றுக்கு ஐந்து இலை என்ற கணக்கு அடிக்கடி வரும். சில கிளைகளில் மூன்று சுற்றுக்கு எட்டு இலை. வேறு கணக்கில் போகும் கிளைகளும் உண்டு. பைனஸ் மரத்தடியில் கிடக்கும் காயைத் தலைகீழாகப் பிடித்து அதன் செதில்களின் சுருள்வரிசைகளை எண்ணினால், ஒரு பக்கம் எட்டும் மறுபக்கம் பதின்மூன்றும் வரக் காணலாம். அன்னாசிப்பழத்தின் கண்களிலும் இந்த எண்கள் வரும்.

ஏன் இப்படி? ஒரு சுற்றில் நான்கிலொரு பங்கு தள்ளித் தள்ளி இலை வந்தால், ஐந்தாவது இலை முதலாவதின் நேர்மேலே வந்துவிடும். நான்கு வரிசை நெருக்கமாகவும் இடையில் வெற்றிடமாகவும் போய்விடும். மூன்றிலொரு பங்கு என்றால் மூன்று வரிசை. எந்த எளிய பின்னத்தை எடுத்தாலும் இதே கதிதான். பின்னங்களுக்கு எட்டாமல் மிகத் தூரத்தில் நிற்கும் எண் ஒன்று வேண்டும். அப்படிப்பட்ட எண்களில் முதன்மையானது பொன்விகிதம். ஒரு முழுச் சுற்றான 360 பாகையை அந்த விகிதத்தில் வெட்டினால் சிறிய பங்கு ஏறத்தாழ 137.5 பாகை. ஐந்தில் இரண்டு சுற்று என்பது 144 பாகை, எட்டில் மூன்று என்பது 135 பாகை. இரண்டும் அதற்குப் பக்கத்தில்தான்.

செடிக்குக் கணக்குத் தெரியுமா என்ன? தெரியாது. தண்டின் நுனியில் புதிய இலை அரும்பும்போது, முன்பு வந்த அரும்புகள் விட்டுவைத்த இடங்களில் விசாலமான இடத்தில் அது தோன்றுகிறது. அவ்வளவுதான் விதி. 1992இல் டுவாடி, கூடர் என்ற இரு பிரெஞ்சு இயற்பியலாளர் உயிரில்லாத காந்தத் திரவத் துளிகளை ஒரு தட்டின் நடுவே ஒவ்வொன்றாக விழவைத்தார்கள். ஒன்றையொன்று விலக்கித் தள்ளிய அந்தத் துளிகள், விழும் வேகத்தைக் கூட்டக் கூட்ட, இதே சுருள்களை வரைந்தன. ஒதுங்கி இடம்கொடுக்கும் எளிய விதியிலிருந்து பொன்விகிதம் தானாக வருகிறது.

எல்லாச் செடியும் இந்த வழி நடப்பதில்லை. நுவரெலியாத் தோட்டங்களில் விளையும் லீக்ஸைப் பாருங்கள். இலைகள் இரு பக்கமாக, விசிறிபோல, அரைச் சுற்றுக்கு ஒன்றாக வரும். 2016இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் பொதுமக்கள் வளர்த்த 657 சூரியகாந்திப் பூக்களை எண்ணினார்கள். பெரும்பாலானவற்றில் பிபனாச்சி எண்கள் இருந்தன. இல்லாதவையும் இருந்தன. இயற்கையில் இது பரவலான போக்கு, விலக்கில்லாத சட்டம் அல்ல.

சுருதியில்

இசையிலும் பொன்விகிதம் என்று சொல்வதுண்டு. ஆனால் இசையில் இனிமையாகச் சேரும் சுரங்கள் எளிய பின்னங்களால் ஆனவை. பழந்தமிழிசையின் குரலும் இளியும், அதாவது ஸாவும் பாவும், 2க்கு 3 என்ற விகிதத்தில் நிற்கின்றன. ஸாவுக்கும் மாவுக்கும் 3க்கு 4. மேல்ஸ்தாயி 1க்கு 2. அல்-ஃபாராபி தம் பெரிய இசை நூலில் சுர இடைவெளிகளை இவ்வாறு எண் விகிதங்களாகவே ஆராய்ந்தார்.

2, 3, 5, 8 என்ற எண்கள் இங்கே தென்படுவதால் பிபனாச்சி என்று சிலர் குதிக்கிறார்கள். 4 என்ற எண் அந்த வரிசையில் இல்லை, ஆனாலும் மா இனிக்கிறது. 1.618 என்ற விகிதத்தில் இரண்டு தந்திகளை மீட்டினால், அந்தச் சுரம் சுத்த தைவதத்துக்கும் சதுஸ்ருதி தைவதத்துக்கும் நடுவே விழும். இரண்டோடும் சேராது. இலைக்கு எது நன்மையோ அதுவே இங்கே இடைஞ்சல். இலை ஒன்றோடொன்று பொருந்தாமல் விலக வேண்டும். சுரம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பின்னத்துக்கு எட்டாத எண் முதலாவதற்கு ஏற்றது, இரண்டாவதற்கு ஏற்றதல்ல.

பாட்டின் மொத்த நீளத்தைப் பகுப்பதில் இந்த விகிதம் இருக்கலாம் என்பது வேறு கதை. பார்டோக், டெபுஸி ஆகிய ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் ஆக்கங்களில் அதைக் கண்டதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். திட்டமிட்டுச் செய்ததா என்ற விவாதம் முடியவில்லை. தாளத்தின் மாத்திரைக் கணக்கில்தான் அந்த எண்கள் ஐயமின்றி இருக்கின்றன.

கல்லிலும் ஓட்டிலும்

கிஸாவின் பெரிய பிரமிட்டைச் சான்றாகக் காட்டுவார்கள். அதன் சாய்வு உயரத்தை அடிப்பக்கத்தின் பாதியால் வகுத்தால் ஏறத்தாழ 1.618 வருவது உண்மையே. ஆனால் எகிப்தியர் சரிவை அளந்த முறையை ரைண்ட் பாப்பிரசுச் சுவடியிலிருந்து அறிகிறோம். ஏழு சாண்டுகள் உயர்ந்தால் எத்தனை சாண்டு உள்ளே தள்ளவேண்டும் என்பதுபோல ஒரு முழத்துக்கு ஏழு உள்ளங்கை என்று வைத்து அளந்தார்கள். ஏழு உள்ளங்கை உயரத்துக்கு ஐந்தரை உள்ளங்கை தள்ளிக் கட்டினாலே 1.6186 வந்துவிடும். பொன்விகிதத்தைத் தேடவேண்டிய தேவையே இல்லை. நொட்டிலஸ் சங்குப் படமும் அப்படித்தான். பொன்விகிதச் சுருள் ஒரு முழுச் சுற்றில் ஏறத்தாழ 6.85 மடங்கு விரியும். அந்தச் சங்கு மூன்று மடங்கு அளவுக்கே விரிகிறது.

மெய்யாகப் பொன்விகிதம் இருக்கும் கட்டடங்கள் நம்மிடம் உண்டு. ஈரான், மத்திய ஆசியப் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் உள்ள பத்துமுனை நட்சத்திர ஓட்டு வேலைப்பாட்டைப் பாருங்கள். ஐங்கோணமும் பத்துக்கோணமும் இருக்கும் இடத்தில் பொன்விகிதம் இல்லாமல் இராது. 2007இல் பீட்டர் லூ, போல் ஸ்டைன்ஹார்ட் ஆகியோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இஸ்பஹானில் 1453ஆம் ஆண்டுக்குரிய தர்பே இமாம் தர்காவின் ஓட்டுக்கோலம், ஒரே அடுக்கு திரும்பத் திரும்ப வராமலே இடைவெளியின்றி நிரம்பும் கோலத்துக்கு மிக நெருங்கியது என்று காட்டினார்கள். அதே வகை ஒழுங்கை உலோகக் கலவையின் அணுக்களில் 1982இல் கண்ட டான் ஷெக்ட்மனுக்கு 2011இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கைவினைஞர்கள் கவராயமும் அளவுகோலும் கொண்டு ஐந்து நூற்றாண்டுக்கு முன்பே அந்த வாசல்வரை போயிருந்தார்கள்.

மக்காவைப் பற்றிய கணக்கு

இனி அந்தக் காணொளி. வாதம் இதுதான்: மக்காவிலிருந்து தென்துருவத் தூரத்தை வடதுருவத் தூரத்தால் வகுத்தால் 1.618. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மக்கா வட அகலாங்கு 21.42 பாகையில் இருக்கிறது. தென்துருவத்துக்கு 111.42 பாகை, வடதுருவத்துக்கு 68.58 பாகை. வகுத்தால் 1.625. பொன்விகிதம் வரவேண்டுமானால் 21.25 பாகையில் இருக்க வேண்டும். அந்தக் கோடு கஃபாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் போகிறது. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதையும் சேர்த்து, உண்மைத் தூரங்களைக் கொண்டு கணக்கிட்டால் இடைவெளி ஏறத்தாழ 9 கிலோமீற்றராகக் குறையும். அப்போதும் கோடு கஃபாவைத் தொடுவதில்லை.

இன்னொன்று. அது ஒரு புள்ளியல்ல, பூமியைச் சுற்றிவரும் வளையம். அந்த அகலாங்கின் பக்கத்தில் இந்தியாவின் ராய்ப்பூரும் இருக்கிறது, பசிபிக் கடலில் ஹொனலுலுவும் இருக்கிறது. எந்த முறையில் கணக்கிட்டாலும் ஹொனலுலு மக்காவைவிட அந்தக் கோட்டுக்கு நெருக்கம். கிழக்கு மேற்காகப் பார்த்தால், 180ஆம் நெட்டாங்கிலிருந்து அளந்து வகுக்கும்போது 1.57 வருகிறது. அந்த நெட்டாங்கோ 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச்சைத் தொடக்கமாக ஏற்றதால் வந்தது. மனிதர் போட்ட கோடு.

இதைச் சொன்னால் ஈமானைக் குறைக்கிறான் என்று எவரும் நினைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பொருளும் ஓர் அளவின்படி படைக்கப்பட்டதாகக் குர்ஆன் (54:49) கூறுகிறது. அந்த அளவு 1.618 மட்டும்தான் என்று அது கூறவில்லை. மக்காவின் சிறப்புக்கு இப்ராஹீம் (அலை) அவர்கள் காலம்தொட்டு நாம் அறிந்த காரணம் உண்டு. அது தசம எண்ணில் தொங்கவில்லை. தொங்கவிட்டோமானால், கல்கியுலேட்டரைத் தட்டிப் பார்க்கும் முதல் பிள்ளை 1.625ஐக் காணும் நாளில் எதைச் சந்தேகிக்கும்? காணொளியையா, அதற்குப் பின்னால் நாம் நிறுத்தி வைத்திருப்பதையா?

நம் முன்னோர் மக்காவின் அகலாங்கையும் நெட்டாங்கையும் அளந்தார்கள்தான். அல்-பிரூனி 1025இல் முடித்த நூலொன்று, நகரங்களின் இடத்தைக் கண்டறிந்து கஸ்னா நகரத்தின் கிப்லாத் திசையைக் கணிப்பதற்காகவே எழுதப்பட்டது. கோள முக்கோணக் கணிதம் அந்தத் தேவையால் வளர்ந்தது. தொழுகை சரியான திசையில் இருக்க வேண்டும் என்பதற்காக அளந்தார்கள். அளவு தவறினால் தொழுகைக்குப் போகும் திசை தவறும் என்பதால் மிகக் கவனமாக அளந்தார்கள். மக்காவுக்குச் சான்று தேடி அளக்கவில்லை.

ஆகவே பிள்ளைகளுக்குக் கொடுக்க நம்மிடம் நிறைய இருக்கிறது. பைனஸ் காய் இருக்கிறது, தேயிலைக் கிளை இருக்கிறது. ஐங்கோணம் வரையக் கவராயம் இருக்கிறது. ஆறு மாத்திரைக்குப் பதின்மூன்று விதம் வருகிறதா என்று எழுதிப் பார்க்க யாப்பிலக்கணக் கொப்பி இருக்கிறது. எண்ணட்டும், வரையட்டும், அளக்கட்டும். அளந்த பிறகு பொருந்தாததையும் பொருந்தியதோடு சேர்த்தே எழுதிவைக்கட்டும்.